காப்புச் சட்டை

அன்புள்ள தங்கை பூங்கோதைக்கு, அண்ணன் வைரவன் எழுதுவது.

நீ வர முடியாததால், அப்பாவின் இறுதி ஊர்வலத்தை நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன். நெஞ்சில் என் பெருந்தமனி, அந்தப் பெரிய ரத்தக்குழாய், வீங்கியிருப்பதால் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பாரத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்து வாய்விட்டு எச்சரிக்கும், ஆஸ்பத்திரியில் கொடுத்த காப்புச் சட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறேன். அப்பா நாற்பத்தாறு கிலோ, பாடை பன்னிரண்டு. ஆறு பேர் தூக்கினால் என் பங்கு பத்துக்குள் அடங்கும் என்று காலையிலேயே கணக்குப் போட்டுத்தான் தோள் கொடுத்தேன்.

பாலத்து ஏற்றத்தில், பின்னால் இருந்த என் பக்கம் பாரம் சரிந்தது. "எடை அதிகம், கீழே வையுங்கள்" என்றது சட்டை. பாதி வழியில் பாடையை இறக்கலாமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சட்டை தோளோடு இறுகியது. கை தானாக இறங்கிவிட்டது.

சித்தப்பா மகன் சேது ஓடிவந்து என் இடத்தில் தோள் கொடுத்தான்.

"பெரியப்பாவத் தூக்கக்கூட சட்டைகிட்ட கேக்கணுமாண்ணே?"

"கேக்கணும்டா" என்றேன்.

மயானம் வரை பின்னாலேயே நடந்தேன். அழுகை முட்டி ரத்த அழுத்தம் ஏறியதும் சட்டை மருந்தை ஏற்றியது, அழுகையும் அடங்கிவிட்டது. கொள்ளி வைத்தபோதுகூட ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சட்டையை மறுபடி மாட்டியதும் அது பேசியது. "இன்று நாலாயிரத்து இருநூறு காலடிகள். சீரான வேகம், மிக நல்ல நடை. நாளைக்கும் இதே பாதையில் போகலாமா?"

சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவின் சாம்பலுக்குப் பால் தெளிக்க நாளைக்கு அந்த வழியாகத்தானே போக வேண்டும்.