ஒரு லாரி சேறு

ஐப்பசி மாதத்தில், மழை ஓய்ந்திருந்த ஒரு காலைப் பத்து மணிக்கு, ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் தொட்டி, தன் பக்கத்திலிருந்த பம்பைக் கூப்பிட்டது.

“அண்ணே, நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்களாம். என் வயித்துல கெடக்கிற பழுப்புச் சேத்தைப் பூராவும் வெளியே தள்ளிடுங்க.”

“அது வெறும் சேறு இல்லடா. அதுல இருக்கிற உயிருங்கதான் சாக்கடையைத் தின்னு தண்ணியாக்குது. பாதியாவது இருக்கட்டும்.”

“வர்றவங்க முன்னால அழுக்கா நிக்கச் சொல்றீங்களா?”

பம்பு முணுமுணுத்துக்கொண்டே முழுவதையும் தள்ளியது.

மறுநாள் அதிகாரிகள் தொட்டியைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அதன்பின் வந்த சாக்கடையைத் தின்ன உள்ளே எவரும் இல்லை. அது வந்தபடியே வெளியேறிக் கீழேயுள்ள குட்டையில் விழுந்தது.

குட்டையிலிருந்த தாய்த் தவளை கரையேறி வந்து கத்தியது. “ஏண்டா, யாருக்குடா இந்த மினுக்கு? என் பிள்ளைங்க மூச்சு முட்டிச் சாகுதுங்க!”

தொட்டி சாக்குச் சொல்லவில்லை. “அண்ணே, மதகை மூடுங்க. நாறினாலும் என்னோட நாறட்டும். பக்கத்து ஊர்த் தொட்டிகிட்ட ஒரு லாரி சேறு கேளுங்க. நான்தான் கேட்டேன்னு சொல்லுங்க.”

சேறு வந்து சேர்ந்தது. நாற்றம் தாங்காமல் ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்கள். ஆயினும் தண்ணீர் தெளியும்வரை தொட்டி மதகைத் திறக்க விடவில்லை.

பங்குனியில் அது, தன்னுள் புதிதாய் வளர்ந்த சேற்றில் ஒரு லாரி நிறையப் பக்கத்து ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது. தவளை தன் பிள்ளைகளில் பாதியை ஐப்பசியிலேயே பறிகொடுத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலவில்லை.