கோமதிக்குப் பதில் எசக்கிமுத்து

கடல் கடந்து படிக்க வந்த இடத்தில் கோமதிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு பாடத்தையாவது குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தால் விசா போய்விடும். வீட்டில் ஒருவர் அவளுக்குப் பதில் அந்தப் பாடத்தை ஏற்றுப் படித்தால் மட்டும் பல்கலைக்கழகம் விடும்.

சங்கரன்கோவிலில் டவுன்பஸ் ஓட்டும் கணவன் எசக்கிமுத்து ஏற்றுக்கொண்டான். பனியாறுகளைப் பற்றிய பாடம் கைபேசி வழியே மொழிபெயர்ந்து அவன் காதில் தமிழில் ஓடியது.

"ஐஸ்கட்டியில என்ன பிள்ள படிக்கக் கெடக்கு?" என்று முதல் வாரம் போனில் அலுத்துக்கொண்டான். பிறகு குரல் மாறியது. "கோமு, அம்மாம் பெரிய பனி ஒருநாளைக்கு ஒரு சாண் நகருதாமே! இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொன்னதே இல்ல?"

அவன் கேட்கமாட்டான் என்று அவளே முடிவுகட்டியிருந்தாள்.

பத்தாவது வாரம் தையல் ஆறிவிட்டது. பாடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா என்று பல்கலைக்கழகம் கேட்டது. எசக்கிமுத்துவிடம் சொன்னாள்.

"எடுத்துக்கோ பிள்ள, ஒன் பாடந்தான!" என்றவன் கொஞ்சம் தயங்கினான். "கடைசி ரெண்டு வார வகுப்புல என்ன சொல்லுதாங்கன்னு மட்டும் சொல்லிரு."

'உடம்பு இன்னும் தேறவில்லை. இரண்டு வாரம் கொடுங்கள்' என்று கோமதி பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். அனுப்பிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் வெகுதூரம் நடந்துவிட்டு வந்தாள்.