கரிப் பொட்டு

ஹொல்ஸ்டெப்ரோ மான் பண்ணையில், 1988 ஆனி மாத வெயில் கொட்டகைப் பலகை இடுக்குகளால் வைக்கோலில் கோடு கோடாக விழுகிறது. கழிச்சலில் சோர்ந்த மான்குட்டி, புட்டிப்பாலைத் தொடாமல் கதிர்காமத்தம்பியரின் மடியில் கிடக்கிறது. அவர் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபின் ஊரில் பிறந்த மகளை இன்னும் தூக்கியதில்லை. தாயையும் பிள்ளையையும் இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு வருடமாகப் பதிலில்லை. மகளுக்குக் கிடைக்காத மடி இந்தக் குட்டிக்குக் கிடைத்திருக்கிறதே என்று வயிறெரிகிறது.

“குடிக்குதில்லையே! கண் வைச்சிட்டியளோ அண்ணை?” கூட வேலை செய்யும் கோணேஸ்வரன் சிரிக்கிறான்.

“எங்கட குடும்பத்தில எரிச்சல் பிடிச்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையடா.”

அவன் வெளியே போனதும், லாந்தர் விளக்கின் கரியை விரலில் தொட்டுக் குட்டியின் நெற்றியில் பொட்டு வைக்கிறார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு புட்டியை நீட்டுகிறார். குட்டி சப்பச் சப்பப் புட்டி கையில் மெல்ல இழுபடுகிறது. அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.