திரும்பினால் போச்சு

"காது கேக்குதாம்மான்னு டாக்டர் கேட்டா என்ன சொல்லுவ?"

"கேக்குது சார்னு சொல்லுவேன்."

பாலகுரு தலையில் அடித்துக்கொண்டான். "வெளங்கிரும்! வாயத் தொறக்கக் கூடாது செல்வி. பேந்தப் பேந்த முழிக்கணும்."

"முழிச்சா, பைத்தியம்னு எழுதிர மாட்டாகளா?" என்று சிரித்தாள் மாரிச்செல்வி.

மறுநாள் விருதுநகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம். காதில் பாதிப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் பஸ் ஸ்டாண்டில் பால் பூத் வைக்க மனுப் போடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் பழையபடி பட்டாசுக் கம்பெனிதான். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டது. ஃபோர்மேன் வேறு அவளை வேலைக்கு வரச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவளை மறுபடியும் அங்கே அனுப்பப் பாலகுருவுக்கு மனசில்லை. தை மாதம் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தபோது அவள் அதற்கு அடுத்த ரூமில் திரி செருகிக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. 'மாரியாத்தா மடியில வச்சுக் காப்பாத்தியிருக்கா' என்று தாயில்பட்டியே சொன்னது. காதில் மட்டும் கொஞ்ச நாள் இரைச்சல் இருந்தது. அதுவும் சித்திரையோடு சரியாகிவிட்டது என்று அவளே சொல்லிவிட்டாள்.

ரூம் வெடித்த அன்றைக்கு லீவு போடுகிறேன் என்றவளை, "ஆர்டர் நேரத்துல என்ன லீவு?" என்று தன் லோடு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டது அவன்தான். அவள் காதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாலே அவனுக்குக் கண் நிறைந்துவிடும். "எனக்குத்தான் நல்லாயிருச்சே, எத்தன தடவ சொல்லுறது?" என்று அவள்தான் அவனைத் தேற்றுவாள்.

"பொய் சொல்லியா வாங்கணும்? சாமி குத்தமாயிரும்ங்க" என்றாள் இப்போது.

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன். உன்ன மறுபடி அங்கன அனுப்பிட்டு என்னால வீட்டுல இருக்க முடியாது. வா, இன்னொருக்கா பாப்போம்."

துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, டாக்டராகி அவள் எதிரே உட்கார்ந்தான்.

"உங்க பேரென்னம்மா?"

"மாரிச்செல்வி."

"எந்த ஊரு?"

"தாயில்பட்டி. ஆமா, டாக்டரு ஏன் இன்னும் சவரம் பண்ணல?"

"அடக் கூறுகெட்டவளே! கேள்விய முடிக்கு முன்ன பதில் வந்து விழுது. நீ போற போக்கப் பாத்தா டாக்டருக்கே காது மெஷின் வாங்கிக் குடுத்துட்டு வருவ போலிருக்கு."

போன வருஷம் முகாமுக்குப் போய்வந்த பெத்தணன் டீக்கடையில் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. 'டாக்டரு நைசாப் பின்னால வந்து நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. திரும்புனா போச்சு, எந்திரிச்சு வந்துர வேண்டியதுதான்.'

ஸ்டூலை எடுத்துவந்து அவளைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தான். குனிந்து அவள் முகத்துக்கு நேராகச் சொன்னான்:

"நான் பின்னால நின்னு கூப்பிடுவேன். எம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டாலும் நீ திரும்பக் கூடாது. சரியா?"

"சரிங்க."

பின்னால் போய் நின்றான். "செல்வி!"

அவள் திரும்பவில்லை.

"ஏ செல்வி! அடுப்புல பால் பொங்குது பாரு!"

அசையவில்லை. கையைத் தட்டிப் பார்த்தான். ம்ஹூம்.

பாலகுருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னால் ஓடிவந்தான். "அசத்திட்ட புள்ள! சினிமாக்காரி தோத்தா போ. நாளைக்கும் இதே மாதிரி இருந்துட்டா அட்டை நமக்குத்தான்."

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஒரே ஒரு தடவ. திரும்பி உக்காரு."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் பின்னால் போய் நின்று கூப்பிட வாயைத் திறந்தான்.

அப்போது கேட்டது அந்தச் சத்தம். ஊர்க் கோடியில், காதைப் பிளக்கிற வெடிச்சத்தம்.

இந்தப் பக்கத்து ஊர்களில் அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் யாரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. கை வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று வானத்தைப் பார்ப்பார்கள். வேலைக்குப் போன தங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கதறுவார்கள். பாலகுருவும் கூப்பிட வந்த பெயரை விழுங்கிவிட்டு வாசலுக்கு ஓடினான்.

"எங்கனப்பா? எந்தக் கம்பெனி?"

"எம் மகள் அங்கனதான இருக்கா, ஐயோ!"

போனைக் காதில் வைத்திருந்த ஒருவர் கையை உயர்த்திக் கத்தினார். "கம்பெனி இல்லப்பா! குவாரில பாறைக்கு வெடி வச்சிருக்கான். யாருக்கும் ஒண்ணுமில்ல!"

தெருவுக்கு மூச்சு வந்தது. பாலகுரு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

மாரிச்செல்வி சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அவன் மெல்ல அவள் தோளைத் தொட்டான். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிக் கேட்டாள்:

"இப்பமும் சத்தமாக் கூப்பிட்டுப் பாத்தீகளா? நான் திரும்பினேனா, சொல்லுங்க!"