கணக்கில் கோட்டை விட்டவர்

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்று அவர் முழங்கியபோது எதிரே இருந்தது ஒரு பீரோவும், ஒரு துவைத்த துணிக் குவியலும், பெற்ற மகளும்தான். கூட்டம் நாளைக்கு. இன்றைக்கு வீட்டு ஹாலில் ஒத்திகை.

கல்லூரியில் வாங்கிய பட்டத்தை வைத்து, ஊரில் அவருக்கு 'பி.ஏ.' என்றே பெயர். 'இரு தலைவர்கள்: யார் தகுதியானவர்?' என்ற தலைப்பைக் கொடுத்து, கட்சி முதல் முறையாக அவரைப் பெரிய மேடையில் ஏற்றப் போகிறது. சும்மா பேசினால் தொண்டை சரியாகாது என்று தம்பியைக் கூப்பிட்டு மைக்கும் வைத்தாகிவிட்டது.

மைக் செட் தம்பியின் பிழைப்பு. இருவருக்கும் ஒரே முகவெட்டு. கட்சிக்காரர்கள் அவசரத்தில் தம்பியின் கையைக் குலுக்கி, "நேத்து பேச்சுல பின்னிட்டீங்க, பி.ஏ.!" என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. தம்பியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

"நம் தலைவர் யார்? நீதிபதியின் மகன்! சட்டம் படித்தவர்! கடல் கடந்து போய்ப் பொருளாதாரம் கற்றவர்!"

நிறுத்தி மகளைப் பார்த்தார். மகள் கை தட்டினாள். எங்கெங்கே தட்ட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார், மனுஷர்.

"அவர்கள் தலைவர் யார்? சைக்கிள் கடைக்காரர் மகன்! பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டவர்! கணக்கில் கோட்டை விட்டவரா நம் கஜானாவைக் காக்கப் போகிறார்?"

இங்கேதான் பலத்த கைதட்டல் வர வேண்டும். வரவில்லை. மகள் குனிந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். போன வாரம் வந்த ரிசல்ட்டில் அவளும் கணக்கில்தான் பெயில்.

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சிலருக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"நாளைக்கு நான் இதைப் பேசும்போது, எவனாவது எழுந்து 'உன் பொண்ணு கதை என்ன?'ன்னு கேட்டா, என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"அந்த வரியை மட்டும் விட்டுடுங்கப்பா."

"பேச்சே அதுதான்டி!"

மகள் நிமிர்ந்தாள். "மறுதேர்வுக்குப் பேர் கொடுக்க நாளைக்குக் கடைசி நாள்ப்பா. நீங்க ஸ்கூலுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும். இந்தத் தடவை கண்டிப்பா பாஸ் பண்ணிடுவேன்."

"நானா? பெயிலான பொண்ணுக்காக பி.ஏ. வந்து கை கட்டி நிக்கறான்னு ஊரே சிரிக்கவா? படிச்சு கிழிச்சது போதும். யாராவது கேட்டா, காய்ச்சல், பரீட்சையே எழுதலன்னு சொல்லு. பெயில்னு சொல்றதுக்கு அது எவ்வளவோ கௌரவம். இதோ, உங்க சித்தப்பா இல்ல? இவனை இதுவரைக்கும் எவனாவது பெயில்னு சொல்லியிருக்கானா?"

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

அண்ணனும் தம்பியும் ஒரே வருஷம் பள்ளியில் சேர்க்கப்பட்டவர்கள், ஒரே வகுப்பு. கணக்கில் தம்பியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இறுதித் தேர்வில் கணக்குப் பரீட்சை அன்றைக்குப் பார்த்து தம்பிக்குக் காய்ச்சல். வீட்டில் ஒருவரைப் படிக்க வைக்கத்தான் வசதி. பாஸான அண்ணன் கல்லூரிக்குப் போனார், தம்பி ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது.

தம்பி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அண்ணன் போட்ட சத்தம் அதுவரை பக்கத்து வீட்டுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, காலையில ஸ்கூலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க."

"நீ யாருடா எனக்குச் சொல்ல? பரீட்சைக்கே போகாதவனுக்குப் பேச்சைப் பாரு!"

தம்பி அண்ணனையே பார்த்தார். அண்ணன் ஏனோ அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் கையிலிருந்த பேச்சுத்தாளைப் புரட்டினார். தாள் தலைகீழாக இருந்தது.

"சரி சரி, நேரமாச்சு. நீ கிளம்பு" என்றார். குரலில் முழக்கமெல்லாம் போய்விட்டது.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விடுங்க சித்தப்பா. எனக்கே கேவலமா இருக்கு. தெருவுல நடக்க முடியல. அப்பா சொல்ற மாதிரியே சொல்லிக்கறேன். உங்களை மாதிரி போகாமலே இருந்திருந்தா, இந்த அசிங்கமாவது மிச்சமாகியிருக்கும்."

"பாப்பா, இங்க பாரு. பெயிலானாலும் நீயே உக்காந்து எழுதின. அதுல உனக்கு என்ன அசிங்கம்?"

"டேய், வேணாம்டா" என்றார் அண்ணன். பேச்சாளர் கெஞ்சி அந்த வீடு கேட்டதே இல்லை. மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல்தானே, சித்தப்பா? நீங்க பரீட்சைக்குப் போகலதானே?"

"போய் எழுதினேன்மா. உங்கப்பா ஹால் டிக்கெட்ல."