முன்னால் போன சைக்கிள்

“அக்காவுக்கு என்னதான் பதில் சொல்லட்டும்? சாயங்காலம் டிஸ்சார்ஜ்,” என்று வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“இடமில்லைன்னு சொல்லுங்க. பின்ரூம் முழுக்க உங்க மகனோட சைக்கிள்தான் கிடக்கு,” என்றாள் ஒல்லி.

ஒல்லி என்பது நாத்தனார் வைத்த பெயர். பிள்ளை பெற்று, எடை எழுபத்தைந்து கிலோவைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் விட்டுப் போகவில்லை. பதிலுக்கு இவள் நாத்தனாருக்கு வைத்த பெயர் பீரோ. அதை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள்.

“மூட்டு மாத்தியிருக்காங்க. ஒரு மாசம்தானே? அவளுக்கு வேற யாரு இருக்கா?”

“அவகூடக் குப்பை கொட்டினதெல்லாம் போதும்!”

வீட்டுக்காரர் மாடிக்கு நழுவிவிட்டார். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் முப்பது வருஷம் தாக்குப் பிடித்தவருக்கு, எப்போது நழுவ வேண்டும் என்று தெரியாதா என்ன?

“அம்மா, கொஞ்சம் வா! எதிர்ல நின்னு ஒரு போட்டோ எடு!” பின்ரூமிலிருந்து மகன் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தாள். ஸ்டாண்டில் நிறுத்திய ரேஸ் சைக்கிள் மேல், உடம்போடு ஒட்டிய உடுப்பில் மூக்கு ஹேண்டில்பாரில் இடிக்கிற மாதிரி குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான்.

“கருமம்! உரிச்ச கோழி மாதிரி என்னடா இது?”

“ஞாயித்துக்கிழமை ரேஸ்மா. சரியா குனியறேனான்னு போட்டோல பாக்கணும். வேகமா போறப்ப மிதிக்கிற பலத்துல முக்கால்வாசி காத்தைத் தள்ளவே போயிடும். இப்படிக் குனிஞ்சு, முழங்கையை ஒடுக்கிக்கிட்டா நாப்பது கிலோமீட்டர்ல ரெண்டு நிமிஷம் மிச்சம்.”

“ரெண்டு நிமிஷத்துக்கா இந்தக் கூத்து?”

கேட்டுவிட்டாளே தவிர, ரெண்டு நிமிஷம் என்றதும் அவளுக்கு, தானும் நாத்தனாரும் வேலை பார்த்த பிஸ்கட் ஃபேக்டரி கேட் ஞாபகம் வந்துவிட்டது. எட்டு மணிக்குச் சங்கு ஊதும். எட்டு ரெண்டுக்கு கேட் மூடும். ஒன்பது கிலோமீட்டர் மிதிக்கணும். அவளுக்கு ஒரு பழைய சைக்கிள், நாத்தனாருக்கு ஒன்று. கேரியரில் டிபன் பாக்ஸ் கடகடவென்று ஆடும். கேட்டை நெருங்கும்போதே சூடான மாவும் வெண்ணெயும் கலந்த வாசனை வந்து மூக்கில் ஏறும். அடடா, அதெல்லாம் ஒரு காலம்!

“அந்த வாசனைக்காகவே இன்னொரு தரம் அந்த ரோட்டுல போகலாம்டா. உங்க அத்தை மட்டும் கூட வராம இருந்தா.”

“அத்தை என்ன பண்ணாங்க?”

“என்ன பண்ணலை? காலைல ஒரு நாளாவது என்னை முன்னாடி விட்டிருப்பாளா? நீ வயித்துல இருந்தப்பகூட விட்டதில்லைடா! பீரோ கணக்கா நிமிர்ந்து உக்காந்து வழியை அடைச்சுக்கிட்டுப் போவா. ரெஜிஸ்டர்ல முதல் கையெழுத்து அவளோடதா இருக்கணுமாம். அவ்வளவு திமிரு!”

“திரும்பி வர்றப்ப?”

“அப்ப மட்டும் ‘நீ முன்னாடி போடி’ம்பா. முதல்ல வீட்டுக்குப் போறவதானே அடுப்பைப் பத்த வைக்கணும்? சாமர்த்தியக்காரி!”

மகன் மிதிப்பதை நிறுத்தினான்.

“காலைல காத்து எந்தப் பக்கம்மா அடிக்கும்?”

“எதிர்க்காத்துதான். மூஞ்சியில அறையும். சாயங்காலம் அதே காத்து முதுகைப் பிடிச்சுத் தள்ளும்.”

“குறுக்குக் காத்து?”

“பாலத்து மேல அடிக்கும், சைக்கிளே சாயுற மாதிரி. அந்த நேரம் பார்த்து அவ பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டே வருவா.”

“காத்து வர்ற பக்கமாவா?”

ஒல்லி கொஞ்சம் யோசித்தாள்.

“ஆமா.”

“அத்தை லீவு போட்டா?”

“அன்னிக்கெல்லாம் கேட் மூடியிருக்கும். உங்க அத்தைன்னா வாட்ச்மேனுக்குப் பயம். என்னைக் கண்டா இளக்காரம், டாண்ணு மூடிடுவான்.”

“வாட்ச்மேன் மேல பழி போடாதேம்மா.” மகன் இறங்கி வந்தான். “முன்னாடி போற ஆள் காத்தை வாங்கிக்கிட்டா, பின்னாடி ஒட்டி வர்றவங்களுக்கு மூணுல ஒரு பங்கு பலம் மிச்சம். முன்னாடி ஆள் அகலமா, நிமிர்ந்து உக்காந்தா இன்னும் நல்லது. சாயங்காலம் முதுகுக் காத்துக்கு அந்த மறைப்பு வேணாம், அதான் உன்னை முன்னாடி விட்டிருக்காங்க. எங்க டீம்ல அந்த வேலைக்கு ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. யாரு அடுத்தவனுக்காக அவ்வளவு பாடுபடுவா?”

ஒல்லி கட்டிலில் உட்கார்ந்தாள். விரல் விட்டு என்னென்னவோ எண்ணிப் பார்த்தாள். பாலம், கேட், அடுப்பு. மசக்கையில் வாந்தியும் மயக்கமுமாகப் போன அந்த மாசங்களில், ஒரு நாள்கூட கேட் மூடியதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ஏங்க, கீழே வாங்க! டேய், இந்த சைக்கிளையெல்லாம் மாடிக்குத் தூக்கு. சாயங்காலத்துக்குள்ள ரூம் காலியாகணும்.”

ஆஸ்பத்திரிக்கு அவளேதான் போனாள். வாக்கரைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள் பீரோ. பாதி உடம்பாகியிருந்தாள்.

“நீயா வந்தே? நீ வரமாட்டேன்னுல்ல நினைச்சேன்!”

“அண்ணி, ஒண்ணு கேக்கணும். பின்னாடி வந்தா காத்து அடிக்காதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

பீரோ சிரித்தாள்.

“எனக்கென்னடி தெரியும்? எதிர்க்காத்துல உனக்கு மூச்சு இரைக்கும். அந்தச் சத்தம் என் காதுல விழும். நான் முன்னாடி வந்தா நின்னுடும். அதான் வந்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷமா உங்களைத் திமிர் பிடிச்சவள்னு கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே!”

“தெரியும்டி. சொல்லியிருந்தா நீ சும்மா வந்திருப்பியா, ரோஷக்காரி? ‘எனக்கும் மிதிக்கத் தெரியும்’னு முன்னாடி பாய்ஞ்சிருப்பே. நீ திட்டிக்கிட்டாவது பின்னாடியே வரட்டும்னுதான் வாயைத் திறக்கலை.”