மருதையன் மகனுக்கு ஒரு பெயர்

“ஜெக்கரியான்னே வச்சிடு தங்கச்சி. ‘ஆண்டவன் மறக்கல’ன்னு அர்த்தம்!”

நாகூரிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையோடு வரும் ஜெக்கரியா பாய், தொட்டில் போடும் வீட்டில் தன் பெயரையே எடுத்துக் கொடுத்ததும் தெருவே சிரித்தது. பிள்ளையைப் பெற்ற பொன்னுத்தாய்க்கும் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

“அரபுப் பேருங்களா பாய்?”

“அதுக்கும் முந்தி. யூதருங்க பாஷையாம், எங்க பள்ளிவாசல் அஜரத்து சொல்வாரு. பேரெல்லாம் எங்கெங்கேயோ சுத்திட்டுத்தான் நம்மகிட்ட வருது.”

விவசாயச் சங்கத்துத் தங்கையன் விடுவாரா? “ரஷ்யாக்காரப் பேரா வைப்போம். மருதையன் திரும்பி வந்தா பூரிச்சுப் போயிடுவான்.”

திரும்பி வந்தா. அந்த ஒரு வார்த்தையில்தான் பொன்னுத்தாயின் உயிரே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்சி மாறிய வருஷம் அது. குறுவை அறுவடையில் கூலியோடு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. களத்தில் அடிதடி. அன்றைக்குப் போன அவள் புருஷன் மருதையன் வீடு திரும்பவில்லை. போலீசுக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான், தஞ்சாவூரில் ரயிலேறியதை என் கண்ணாலே பார்த்தேன் என்று பண்ணைக் காரியஸ்தர் கோவிந்தராசு சொன்னார். அவள் நம்பினாள். கடிதாசி வராததற்கும் காரணம் சொல்லிக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், பாவம், யாரைப் பிடித்து எழுதச் சொல்வான்?

“பம்பாய் போற எங்க ஆளுங்ககிட்ட அடையாளம் சொல்லி விட்டிருக்கேன் தங்கச்சி. தட்டுப்படாமலா போயிடுவான்?” என்றார் பாய்.

அப்போதுதான் கோவிந்தராசுவே பந்தலுக்குள் வந்து நின்றார். கையில் பிள்ளைக்கு ஒரு வெள்ளி அரைஞாண். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பண்ணை சொன்னதைச் செய்துவிட்டு, அப்புறம் ரெண்டு நாள் சோறு இறங்காமல் திரிகிற ரகம்.

குழந்தையைக் குனிந்து பார்த்தார். அவர் கண் கலங்கியது.

“அப்படியே அவன் ஜாடை. பேரு முடிவாயிடுச்சா?”

“இல்லீங்கய்யா. ரஷ்யாங்கறாங்க, அரபுங்கறாங்க, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

“ரஷ்யாவும் அரபும் எதுக்கும்மா? மருதையன்னு வை. அப்பன் பேரு வீட்டுல இருக்கட்டும்.”

தங்கையன் மெதுவாக எழுந்து நின்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று கோவிந்தராசுவுக்கு இன்னும் விளங்கவில்லை.

பொன்னுத்தாய் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்க மாடி வீடானாலும் எங்க குடிசையானாலும், அப்பன் உசிரோட இருக்கையில அவன் பேரைப் புள்ளைக்கு வைக்கிற வழக்கமில்லீங்களேய்யா...” அவள் குரல் உடைந்தது. “அவரை எங்க புதைச்சீங்க?”